மில்டன் பிரபுவின் பளிங்குத் துயரம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் உரையின் தலைப்பை அழைப்பிதழில் கண்ட நண்பர் ஒருவர், "கவிஞர் மில்டனைப் பற்றியா?" என்று கேட்டார். இல்லை. 'இழந்த சொர்க்கம்' பாடிய கண்ணிழந்த கவிஞருக்கும் நான் பேசப்போகும் மனிதருக்கும் எவ்வித உறவும் கிடையாது. இவர் இங்கிலாந்தின் தென்மேற்கே டார்செட் மாவட்டத்தில், மில்டன் ஆபஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த நிலக்கிழார். ஊரின் பழைய பெயர் மிடில்டன். நம் மொழியில் நடுவூர் என்று சொல்லலாம். அவ்வூர்ப் பெயரையே பட்டமாகப் பெற்று மில்டன் பிரபு ஆனவர் ஜோசப் டேமர். 1718 இல் பிறந்து 1798 இல் மறைந்தார். அவருக்கும் அவர் மனைவிக்கும் எழுப்பப்பட்ட பளிங்கு நினைவுச்சின்னம் ஒன்று அவ்வூர் மடாலயத் திருச்சபையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

நான் அச்சிலையைத் தேடிப் போனவன் அல்லன். உண்மையைச் சொன்னால், தஞ்சாவூரிலிருந்துதான் அங்கே போய்ச் சேர்ந்தேன். தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டியுள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில், மரணப்படுக்கையில் இருக்கும் சுவார்ட்ஸ் பாதிரியாரைச் சரபோஜி மன்னர் வந்து காணும் காட்சியை இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மன் புடைப்புச் சிற்பமாக வடித்திருப்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். தம் ஆசானுக்காக ஆங்கிலத்தில் கல்லறைக் கவிதை ஒன்றை மன்னரே இயற்றினார் என்பதும் நீங்கள் அறிந்ததே. அந்தச் சரபோஜிக்கு, முதுமையில் ஓர் ஆங்கிலப் பெண் சிற்பி கடற்படைத் தளபதி நெல்சனின் மார்பளவுச் சிலையொன்றைச் செய்து அனுப்பினார் என்று படித்தபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. பெண் சிற்பியா? அந்தக் காலத்திலா? யார் அவர்? அவர் பெயர் ஆன் சீமோர் டேமர். அவருடைய மாமனார்தான் நம் மில்டன் பிரபு. இப்படித்தான் ஒரு சிலையின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சிலையிடம் போய்ச் சேர்ந்தேன்.

முதலில் திருச்சபை. அது பத்தாம் நூற்றாண்டில் ஏதல்ஸ்டன் மன்னர் நிறுவிய மடாலயத்தைச் சேர்ந்தது. 1309 இல் இடி விழுந்து எரிந்தது. பின்னர் மீண்டும் எடுத்துக் கட்டியபோது பாடற்குழுப் பகுதியும் கோபுரமும் இரு பக்கச் சிறகுகளும் எழுந்தன. மக்கள் கூடி நிற்க வேண்டிய நடு மண்டபம் மட்டும் கடைசிவரை கட்டப்படவே இல்லை. எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது, 1539 இல், துறவிகள் வெளியேறினர். மறு ஆண்டில் டிரெகன்வெல் என்னும் வழக்கறிஞர் அதை 1,000 பவுன் கொடுத்து வாங்கினார். மடாலயம் மாளிகையாயிற்று. திருச்சபை ஊர்ப் பொதுவான வழிபாட்டிடமாகத் தொடர்ந்தது.

அந்த டிரெகன்வெல் குடும்பத்தைப் பற்றி ஒரு சிறு கதை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அவர்களுள் ஜான் என்னும் ஒருவர் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தபோது அத்திருச்சபையின் உச்சியிலிருந்து தவறி விழுந்தாராம். அக்காலத்தில் ஆண் குழந்தைகளுக்கும் பாவாடை உடுத்துவது வழக்கம். அகன்ற பாவாடை காற்றில் குடைபோல் விரிந்து குழந்தை பிழைத்துக்கொண்டது. அவர் வளர்ந்து, வாழ்ந்து, 1680 இல் இறந்தபோது, தம்மைக் காத்த கடவுளுக்கு நன்றியாகத் தம் நூல்களை அவ்வூர்ச் சபையாரின் பயன்பாட்டுக்கு விட்டுச் சென்றார். இச்செய்தி அவருடைய நினைவுக்கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. நிலக்கிழார்களைப் பற்றி நான் இன்று கடுமையாகப் பேச நேரலாம். ஆகவே பாவாடையால் பிழைத்து நூலகம் தந்த இவரை முன்னால் நிறுத்துவது நியாயம் என்று கருதினேன்.

1752 இல் அந்த நிலமும் மாளிகையும் ஜோசப் டேமரின் கைக்கு வந்தன. பணம் எங்கிருந்து வந்தது? அவருடைய பாட்டன் முறையினரும் அதே பெயருடையவருமான டேமர், அயர்லாந்தில் வட்டித் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். 1720 இல் அவர் இறந்தபோது ஜோனதன் சுவிப்ட் அந்த வட்டிக்காரர் மீது ஓர் இரங்கற்பா பாடினார். நம் கவிஞர்கள் கவனிக்க வேண்டும்: அது இரங்கற்பா வடிவில் அமைந்த எள்ளல். குடும்பத்தின் முதல் நினைவுச்சின்னம் பளிங்கில் அன்று, அங்கதத்தில் அமைந்தது. பின்வந்த தலைமுறை அதை மறைக்க எத்தனை டன் பளிங்கு வேண்டியிருந்ததோ!

ஜோசப் டேமர் 1742 இல் டார்செட் கோமகனின் மகள் கரோலின் சாக்வில்லை மணந்தார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1753 இல் அயர்லாந்துப் பட்டம், 1762 இல் இங்கிலாந்துப் பட்டம், 1792 இல் டார்செஸ்டர் ஏர்ல் என்ற உயர்பட்டம் எனப் படிப்படியாக ஏறினார். ஏறியவருக்குத் தம் மாளிகையின் வாசலில் நின்று பார்த்தபோது ஒரு குறை கண்ணில் பட்டது. அந்தக் குறை ஒரு ஊர்.

ஆம். மடாலயத்தை ஒட்டியே மிடில்டன் என்னும் சந்தை ஊர் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள், தங்கும் விடுதிகள், மதுவடிசாலை, புகழ்பெற்ற இலக்கணப் பள்ளி, சந்தைச் சிலுவை எல்லாம் அங்கே இருந்தன. நூற்றாண்டுகளாக மடாலயத்தின் நிழலில் வளர்ந்த ஊர் அது. பிரபுவின் சன்னலுக்கு அது இரைச்சலாகவும் புகையாகவும் தெரிந்தது. 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட, அக்காலத்தின் தலைசிறந்த நிலத்தோட்ட வல்லுநரைப் பிரபு அமர்த்தினார். மாளிகையைப் புதுப்பிக்கக் கட்டடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸ் வந்தார். பிரபுவின் ஆணவத்தைப் பற்றிச் சேம்பர்ஸே பிற்பாடு கசந்து எழுதினார் என்பது வேறு செய்தி. ஊரை அகற்றுவது என்றும், அந்தப் பள்ளத்தாக்கில் ஏரியும் புல்வெளியும் அமைப்பது என்றும், பார்வைக்குப் படாத அடுத்த பள்ளத்தில் ஒரு புதுத்தெரு போடுவது என்றும் முடிவாயிற்று.

ஒரே நாளில் இடித்துவிட முடியவில்லை. அங்கேதான் சட்டம் குறுக்கே நின்றது. அந்நாளில் அப்பகுதியில் வீடுகளை 'உயிர்க் குத்தகை'க்கு விடுவார்கள். குத்தகைச் சீட்டில் மூன்று பேருடைய பெயர் எழுதப்பட்டிருக்கும். அம்மூவரில் ஒருவரேனும் உயிரோடிருக்கும் வரை வீடு அக்குடும்பத்துக்குரியது. மூன்றாமவர் கண்ணை மூடியதும் வீடு நிலக்கிழாருக்குத் திரும்பும். ஆகவே மில்டன் பிரபு காத்திருந்தார். சிலருக்குப் பணம் கொடுத்துச் சீட்டைத் திரும்ப வாங்கினார். மற்றவர்களின் சீட்டுகள் தாமே முடியும் வரை பொறுத்தார். ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் ஒரு வீடு கைக்கு வந்தது. வந்தது இடிக்கப்பட்டது. 1770களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்வேலை நடந்தது.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இப்போது என்னோடு திருச்சபையின் வடக்குச் சிறகுக்குள் வாருங்கள்.

1775 இல் மில்டன் சீமாட்டி கரோலின் இறந்தார். முப்பத்து மூன்று ஆண்டு மணவாழ்க்கை. பிரபு நினைவுச்சின்னத்தைத் திட்டமிடும் பணியை ராபர்ட் ஆடமிடம் தந்தார். சிலைகளைச் செதுக்கியவர் அகஸ்தினோ கார்லினி. ஜெனோவாவில் பிறந்து லண்டனில் குடியேறிய இத்தாலியர், 1768 இல் அரசுக் கலைக்கழகம் தோன்றியபோது அதன் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவர். மில்டன் ஆபஸில் அவர் செய்திருப்பது அவருடைய சிறந்த படைப்புகளுள் ஒன்று என்பதில் கலை விமரிசகர்களுக்கு ஐயமில்லை.

பழைய கோதிக் பாணியில் அமைந்த உயர்ந்த மேடை. அதன்மேல் வெண்பளிங்கில் இருவர். சீமாட்டி படுத்திருக்கிறார். துயிலுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட அமைதி. பக்கத்தில் கணவர், அவரும் சாய்ந்த நிலையில். ஆனால் அவர் இறக்கவில்லை. முழங்கையை ஊன்றி, தலையைக் கையில் தாங்கி, விழித்திருக்கிறார். அவ்வளவுதான். சிறகு விரித்த தேவதைகள் இல்லை, மண்டையோடு இல்லை, கூக்குரல் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் நினைவுச்சின்னங்களில் மலிந்திருந்த நாடகப் பாங்கு இங்கே அடங்கிப்போயிருக்கிறது. நான் அதைப் படங்களில் மட்டுமே பார்த்தவன். படத்திலேயே அந்தத் தாங்கிய கையின் சோர்வு தெரிகிறது. மனைவியை இழந்த இரவில், படுக்கையின் மறுபாதியை ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை அது. என் வயதுக்காரர்கள் சிலருக்கு அந்நிலை தெரியும்.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிலையைப் பொய் என்று ஒதுக்கிவிடுவது மிக எளிது. ஊரை இடித்தவன் அழுதால் அது முதலைக் கண்ணீர் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. அந்தத் துயரம் உண்மை என்றே கருதுகிறேன். பிரபு மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதன்பின் இருபத்து மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்தார். மாளிகைக்கும் திருச்சபைக்கும் சில அடி தூரம். உள்ளே நுழையும்போதெல்லாம் ஐம்பத்தேழு வயதில் உறைந்துபோன தம் துயரத்தை அவர் எழுபதிலும் எண்பதிலும் கண்டிருப்பார். பளிங்கில் இருப்பவர் மூப்படையவில்லை. ஒரு சாவை இவ்வளவு ஆழமாக உணரத் தெரிந்த அதே மனம், சுவருக்கு வெளியே மற்ற சாவுகளை நாள்காட்டியில் எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே ஆண்டுகளில், ஒரே மனிதனுக்குள். சிலை உள்ளே வைக்கப்பட்ட காலத்தில் வெளியே கடப்பாரை ஓசை கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

வெளியே நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருச்சபையைச் சுற்றி ஊராரின் இடுகாடு இருந்தது. கல்லறைக் கற்கள் அகற்றப்பட்டு, மண் சமன்செய்யப்பட்டு, மேலே புல் பதிக்கப்பட்டது. 1674 இல் கட்டப்பட்ட ஏழையர் இல்லத்தை மட்டும் பிரித்தெடுத்து 1779 இல் புதுத்தெருவில் நிறுவினார்கள். பள்ளிக்கூடம் நிலைத்து நின்றது. பிள்ளைகள் பிரபுவின் தோட்டத்தில் புகுந்து பழம் பறிப்பதும் சேட்டை செய்வதுமாக இருந்தார்கள். டிரபால்கர் போரில் நெல்சனின் கப்பல் தலைவராக இருந்து, அவர் உயிர் பிரியும் வேளையில் அருகிருந்த ஹார்டியும் அப்பள்ளியில் படித்தவர் என்பர். தஞ்சைக்கு வந்த நெல்சன் சிலையை நினைத்துக்கொள்ளுங்கள், உலகம் சிறியது. கடைசியில் 1785 இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியாகவே அப்பள்ளி பிளாண்ட்போர்டு நகருக்குப் பெயர்க்கப்பட்டது. மறு ஆண்டு புதுத்தெருவில் புதிய திருச்சபை எழுந்தது. மடாலயத் திருச்சபை அதன்பின் பிரபுவின் வீட்டு வழிபாட்டிடமாகச் சுருங்கியது. ஊரார் தம் முன்னோரின் இடுகாட்டையும் பளிங்குச் சிலையையும் சேர்த்தே இழந்தார்கள்.

ஒருவர் மட்டும் அசையவில்லை. வில்லியம் ஹாரிசன் என்னும் வழக்கறிஞர். தம் குத்தகைச் சீட்டை எந்த விலைக்கும் தரமாட்டேன் என்றார். பிரபு பழைய மடாலயக் குளத்தின் மதகைத் திறந்துவிட்டு அவர் வீட்டில் வெள்ளம் புகச் செய்தாராம். ஹாரிசன் வழக்குத் தொடுத்தார், வென்றார். அவர் இருந்தவரை அவர் வீடும் இருந்தது. சட்டம் படித்தவர் ஒருவர் தெருவில் இருப்பது நல்லது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், பாதி கேலியாகத்தான்.

புதுத்தெரு இன்றும் இருக்கிறது. சரிவான சாலையின் இருபுறமும் ஒரே அளவில், ஒரே வடிவில், வெள்ளைச் சுவரும் வைக்கோற்கூரையுமாக ஏறத்தாழ 40 குடில்கள். ஒவ்வொன்றும் இரு குடும்பங்களுக்கு. பழைய ஊரின் மக்கள் அனைவரையும் கொள்ள அவை போதவில்லை, நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் அந்தத் தெருவின் அழகை வியந்து படம் எடுக்கிறார்கள். இங்கிலாந்தின் முதல் திட்டமிட்ட சிற்றூர்களுள் ஒன்று என்று கையேடுகள் புகழ்கின்றன. புகழட்டும். அழகாகத்தான் இருக்கிறது. பழைய ஊரின் வீடுகளில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு குடில்.

இங்கே நம் நண்பர்கள் ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் 'கைவிடப்பட்ட கிராமம்' என்ற நெடுங்கவிதையை எதிர்பார்த்திருப்பீர்கள். கல்லூரியில் அதைப் பாடமாகப் படித்த தலைமுறை நாம். செல்வர் ஒருவரின் பூங்காவுக்காக ஒரு கிராமம் அழிக்கப்படுவதே அதன் பொருள். ஆனால் அது 1770 இல் வெளிவந்துவிட்டது. மிடில்டன் பெருமளவு இடிந்தது அதற்குப் பிறகு. கவிஞருக்குத் தூண்டுகோலாக ஆய்வாளர்கள் பெரிதும் சுட்டுவது ஆக்ஸ்போர்டு பக்கத்தில் 1760களில் இடம் மாற்றப்பட்ட நியூனம் கோர்ட்னி என்ற ஊரை. எனினும் இதில் ஒன்று எண்ணத் தக்கது. நாடெங்கும் பேசப்பட்ட கவிதை ஒன்று வெளிவந்து, பதிப்புக்குமேல் பதிப்பு கண்டு, மாளிகைகளின் நூலறைகளிலெல்லாம் இடம்பெற்ற பிறகுதான் மில்டன் பிரபு தம் ஊரை இடித்து முடித்தார். கவிதை ஒரு செங்கல்லைக்கூடத் தடுக்கவில்லை. ஹாரிசனின் வழக்கு ஒரு வீட்டைத் தடுத்தது. கவிஞர்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்லலாமா என்று தயங்கித்தான் சொல்கிறேன்.

இனி மகனின் கதை. பிரபுவுக்கு மூன்று ஆண்மக்கள். மூத்தவர் ஜான், 1767 இல் ஆன் கான்வேயை மணந்தார். ஆடையிலும் சூதாட்டத்திலும் பணத்தை அள்ளி இறைத்தவர். சகோதரர்கள் சேர்ந்து 70,000 பவுன் கடன்பட்டனர். தந்தை கடனை அடைக்க மறுத்தார். 1776 ஆகஸ்டு 15 ஆம் நாள் இரவு, லண்டன் கோவென்ட் கார்டன் பகுதியில் ஒரு விடுதியின் மேல்மாடியில், சில பெண்களையும் கண் தெரியாத பிடில்காரர் ஒருவரையும் வரவழைத்து உணவருந்தினார் ஜான் டேமர். பின் எல்லாரையும் அனுப்பினார். பிடில்காரரைச் சிறிது நேரம் கழித்து வரச் சொன்னார். அவர் திரும்பி வந்தபோது அறையில் வெடிமருந்து நாற்றம். பார்வையற்ற ஒருவர்தான் அந்தச் சாவின் முதல் சாட்சி. தாய் இறந்து ஓராண்டும் சில மாதங்களும்தான் ஆகியிருந்தன.

பளிங்கில் மனைவிக்காக விழித்திருக்கும் அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பிடில்காரர் நினைவுக்கு வருகிறார். அச்சிலையில் கணவர் இருக்கிறார், தந்தை இல்லை.

கைம்பெண்ணான ஆன், மாமனாரின் கடுமைக்கும் ஊர்வாய்க்கும் ஆளானார். பிள்ளைகள் இல்லை. அதன் பின்னரே அவர் சிற்பத்தை முழு வாழ்க்கையாக ஏற்றுக்கொண்டார். களிமண்ணில் வனைந்து பிறரிடம் கொடுத்துச் செதுக்க வைக்கும் சீமாட்டி அல்லர் அவர். உளியைத் தாமே பிடித்தவர். தேம்ஸ் ஆற்றின்மேல் ஹென்லி ஊர்ப் பாலத்தின் இருபுறமும் தேம்ஸ், ஐசிஸ் என்னும் ஆற்றுத் தெய்வங்களின் முகங்கள் இன்றும் நீரைப் பார்த்தபடி இருக்கின்றன. அவை அவர் கைவேலை. 1784 முதல் அரசுக் கலைக்கழகக் காட்சிகளில் அவர் படைப்புகள் இடம்பெற்றன. பெண்ணாயிற்றே, இத்தனையையும் அவரே செய்திருப்பாரா என்று அந்நாளில் ஐயுற்றவர்கள் இருந்தார்கள். இந்நாளிலும் அவ்வினா நம் பெண்கவிஞர்களுக்குப் புதிதன்று.

அவருடைய உறவுப்பெண் ஒருவரை மணந்தவர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன். இலங்கையின் தலைமை நீதிபதியாக இருந்தவர். கீழைநாட்டுச் சுவடிகளிலும் மொழிகளிலும் ஈடுபாடு மிக்கவர். அவருடைய தூண்டுதலால்தான் நெல்சனின் மார்பளவுச் சிலை தஞ்சை மன்னருக்குச் சென்றது. சிலை தந்தவர் எண்பதை எட்டிக்கொண்டிருந்த மூதாட்டி. பெற்றவர் தம் ஆசானுக்குக் கல்லறைக் கவிதை பாடிய மன்னர். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

ஆன் டேமர் 1828 இல் இறந்தார். மில்டன் ஆபஸில் அடக்கம் செய்யப்படவில்லை. கென்ட் மாவட்டத்தில் சண்ட்ரிட்ஜ் என்னும் சிற்றூர்த் திருச்சபையில், தாம் சிலை வடித்த தம் தாயின் அருகில் அடங்கினார். தம் கடிதங்களை எரித்துவிடும்படியும், தம் உளிகளையும் வேலை செய்யும்போது அணியும் மேலங்கியையும் பெட்டிக்குள் தம்முடன் வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார். அங்கேயே அவர் வளர்த்த நாயின் சாம்பலும் உண்டு.

நினைவுச்சின்னத்தைப் பற்றிப் பேசினால் நம் நடுகல் மரபுக்கு வந்துசேர வேண்டும் என்று அவையில் எதிர்பார்ப்பு இருக்கும். அந்த ஒப்பீட்டை நான் செய்யப் போவதில்லை. போரில் விழுந்தவனுக்கு ஊர் எடுத்த கல்லும், ஊரை இடித்தவன் தன் வீட்டில் வைத்த கல்லும் ஒரே வகுப்பில் அமரா. மாறாக, என் சொந்தக் கணக்கொன்றை இந்த அவையில் தீர்க்க விரும்புகிறேன்.

நம்மில் பலர் இரங்கற்பா எழுதியவர்கள். நினைவு மலர்களுக்கும் கல்லறைப் பலகைகளுக்கும் வெண்பா கேட்டு வீடு தேடி வருவார்கள். மறுப்பது கடினம். என் இளமையில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெருநிலக்கிழார் ஒருவர் காலமானார். அவர் மக்கள் சமாதி மண்டபத்தில் பதிக்க ஒரு வெண்பா வேண்டினார்கள். எழுதிக் கொடுத்தேன். ஏழையர்க்கு நிழல் தந்த ஆலமரம் என்னும் பொருள்பட அமைந்த பாடல். தென்னந்தோப்பு வைப்பதற்காக அவர் ஒரு குடியிருப்பை வாய்க்காலுக்கு அப்பால் பெயர்த்தவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன். அவர் என்னிடம் அன்பாக இருந்தவர். என் முதல் தொகுப்புக்குத் தாள் வாங்கப் பணம் கொடுத்தவர். என் துயரமும் பொய்யன்று. மில்டன் பிரபுவின் முகத்தை எளிதில் பழிக்க என்னால் இயலாமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கல் பதித்த நாளில் வாய்க்காலுக்கு அப்பாலிருந்து வந்த முதியவர் ஒருவர் அதன்முன் வெகுநேரம் நின்றார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர். என்னைப் பார்த்து, "ஐயா, இதுல எங்க தெருவப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கா?" என்று கேட்டார். குறை சொல்லும் குரல் அன்று. ஆவலாகத்தான் கேட்டார். இல்லை என்றேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, சோறு போடும் பந்தலை நோக்கிப் போனார்.

மிடில்டன் தெருக்களைப் பற்றி யார் எழுதினார்கள்? ஜான் ஹட்சின்ஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். இளமையில் அவ்வூர்ப் பள்ளியில் துணையாசிரியராக வேலை பார்த்தவர். அந்நிலத்தின் முந்தைய உரிமையாளர் ஜேக்கப் பாங்ஸ் தந்த ஊக்கத்தால் டார்செட் மாவட்டத்தின் வரலாற்றை எழுதத் தொடங்கி, வாழ்நாள் முழுதும் குறிப்புகள் சேர்த்தார். 1762 இல் வேர்ஹம் நகரில் பெருந்தீ. அவர் வீடும் எரிந்தது. கையெழுத்துப் படிகளை உயிரைப் பொருட்படுத்தாமல் வெளியே கொண்டுவந்து காத்தவர் அவருடைய மனைவி. 1773 இல் அவர் இறந்தார். மறு ஆண்டில் நூல் வெளிவந்தது. அச்சாகும்போது ஊர் இடிபடத் தொடங்கிவிட்டிருந்தது. அந்நூலின் இரண்டாம் பதிப்புக்குப் பாடுபட்டவர் அவர் மருமகன்; பம்பாயில் கும்பெனிப் படையில் பணியாற்றியவர். அந்த அம்மையார் அன்று நெருப்பைக் கண்டு ஒதுங்கியிருந்தால் நான் இன்று உங்களுக்குச் சொல்ல இவ்வளவு இருந்திராது.

பிரபுவின் வம்சத்துக்கு என்ன ஆயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டாம் மகன் பட்டத்துக்கு வந்து 1808 இல் வாரிசின்றி இறந்தார். பட்டம் அத்தோடு முடிந்தது. சொத்து கைமாறி 1852 இல் ஹாம்புரோ என்னும் வங்கிக் குடும்பத்துக்குப் போயிற்று. அவர்களும் 1932 இல் விற்றனர். பள்ளிப் பிள்ளைகளின் தொல்லை தாங்காமல் சட்டம் போட்டுப் பள்ளியை விரட்டினாரே, அந்த மாளிகையில் 1954 இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். இடிக்கப்பட்ட ஊரின் புல்வெளியில் மாணவர்கள் பந்து விளையாடினர். வழிபாட்டு நேரத்தில் வடக்குச் சிறகின் பளிங்குப் பிரபு, முழங்கையை ஊன்றியவாறு அவர்களுடைய பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் வெண்பாவும் அம்மண்டபச் சுவரில் இருக்கிறது. சென்ற ஆண்டு போய்ப் பார்த்தேன். எழுத்துகளுக்குப் புதிதாகக் கறுப்பு மை தீட்டியிருக்கிறார்கள். அதன் மூன்றாம் அடியில் ஓரிடத்தில் தளை தட்டுகிறது. எழுதிய நாளில் என் கண்ணிலும் படவில்லை, கல்தச்சர் கண்ணிலும் படவில்லை, பாராட்டிய புலவர்கள் கண்ணிலும் படவில்லை. இப்போது அதைத் திருத்த வழியில்லை.